மாவோரி நிலத்துக்கு அரசு உதவி கேட்பது எப்படி: ஒரு மருமகளின் அனுபவம்

2017-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூசிலாந்தின் ஓப்போட்டிக்கியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினோரு தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கணவர் குடும்பத்து நிலத்தின் உரிமையாளர் பட்டியல் அது. 58 ஹெக்டேர், 231 பெயர். கணவரின் அத்தையை ஊரே 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் கையில் பென்சில். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "போயாச்சு. போயாச்சு. இவன் பெர்த்தில் இருக்கிறான். இவளும் போயாச்சு. இது யாரென்றே தெரியவில்லை." 1998-இல் இறந்த என் மாமனார் பட்டியலில் இன்னும் உரிமையாளராகவே இருந்தார். 1961-இல் இறந்த அவருடைய பாட்டியும் இருந்தார். டீ ஆறி, சுட வைத்து, அதுவும் ஆறிய பிறகு எண்ணிப் பார்த்தேன். பட்டியலில் இருந்தவர்களில் நூறு பேருக்கு மேல் மண்ணுக்குள்ளே இருந்தார்கள்.

அந்த நிலத்தை மேம்படுத்தத்தான் அரசிடம் பணம் கேட்கலாம் என்று நாங்கள் கிளம்பியிருந்தோம்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால் நில டிரஸ்டின் கணக்கும் என் தலையில் வந்து விழுந்தது. சில வருடங்களாக இங்குள்ள தமிழர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டு போன் செய்கிறார்கள். ஒருவர் மாவோரி டிரஸ்டின் தோட்டத்தில் மேலாளர். இன்னொருவர் என்னைப் போலவே மாவோரிக் குடும்பத்தில் மாப்பிள்ளை. மற்றவர்கள் அக்கவுண்டன்டுகள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஆபீசில், எந்த ஃபாரம்?" ஃபாரம் கடைசி வேலை. அதற்கு முன்னால் நிலத்துக்கு ஒரு வாய் வேண்டும். 231 பேருக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்ற நிலை வந்தால்தான் அரசு பேசவே தொடங்கும். நான் பட்ட பாட்டை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நிலம் ஏன் இப்படி ஆனது

நம் ஊர்க் கூட்டுப் பட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாகம் பிரிக்காத சொத்து, தலைமுறைக்குத் தலைமுறை பங்கு மட்டும் சின்னதாகிக்கொண்டே போகிறது. இங்கே அதைத் தொடங்கி வைத்தது 1865-இல் வந்த நிலக் கோர்ட்டு. குலத்துக்கே பொதுவாக இருந்த நிலத்தைத் தனி ஆட்கள் பேரில் எழுதியது. அப்படி எழுதியதும் விற்பது சுலபமாகிவிட்டது. பெரும்பகுதி கைமாறிப் போய், மாவோரி நிலம் என்ற வகையில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 14 லட்சம் ஹெக்டேர். நாட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு. அதிலும் நிறைய மலைச்சரிவு, சாலை போகாத இடம்.

இந்த நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்டால் வங்கி தயங்கும். விற்க வேண்டுமென்றால் நான்கில் மூன்று பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும், வாங்கும் முதல் உரிமையும் அதே வம்சத்தாருக்குத்தான். வங்கி எதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? அரசு உதவி என்ற ஒன்று வந்ததே இதனால்தான்.

முதலில் இதைப் பெரிய அளவில் செய்தவர் சர் ஆபிரானா ஙாட்டா. 1928-இல் அமைச்சராகி, அடுத்த ஆண்டே மாவோரி நிலத்தைத் திருத்த அரசுக் கடன் கிடைக்கும்படி சட்டம் கொண்டுவந்தார். ரோட்டோருவா பக்கம் ஹோரோஹோரோவில் அந்தத் திட்டம் தொடங்கியது. 50 டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம்தான். (ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகியதோடு வேலையில்லாமல் கிடந்த நம் ங-வுக்கு இந்த நாட்டில்தான் வேலை கிடைத்தது. இங்கே ங-வில் தொடங்கும் பெயர்கள் ஏராளம். தமிழர்கள் சரியாக உச்சரித்தால் பெரியவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.)

ஆனால் அதற்குப் பிறகு வந்த காலம் கசப்பானது. 1953 சட்டத்தில் சின்னப் பங்குகளைக் கட்டாயமாக அரசே எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். 1967-இல் நாலு பேருக்குள் உரிமையாளர் இருந்த மாவோரி நிலத்தைச் சாதாரண நிலமாக மாற்றினார்கள். 'அரசு உதவி' என்றதும் பெரியவர்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. நீங்களும் தெரிந்துகொண்டு போங்கள். கூட்டத்தில் எழுந்து "கவர்ன்மென்ட் சும்மாவே பணம் தருகிறதே, வாங்கிக்கொள்ள என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன்.

பட்டியலைச் சரிசெய்வது

இப்போது மாவோரி நிலக் கோர்ட்டின் பதிவேடு 'பாட்டக்கா ஃபெனுவா' என்ற இணையதளத்தில் இருக்கிறது. 2023-இல் வந்தது. பாட்டக்கா என்றால் களஞ்சியம், ஃபெனுவா என்றால் நிலம். நிலத்தின் பெயரையோ உரிமையாளர் பெயரையோ போட்டுத் தேடினால் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, டிரஸ்ட் இருக்கிறதா, அறங்காவலர்கள் யார் என்று காட்டும். முதல் வேலை, அதை அச்செடுத்து, குடும்பத்தில் நினைவு தெளிவாக உள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காருவது. கம்ப்யூட்டர் திரையில் வேண்டாம். தாளில் பார்த்தால்தான் அவர்களுக்குக் கதை வரும். கதை வந்தால்தான் யார் யாருடைய பிள்ளை என்பது வரும்.

இறந்தவர் பங்கு பிள்ளைகளுக்குத் தானாக மாறாது. வாரிசு விண்ணப்பம் போட வேண்டும். முன்பெல்லாம் எதற்கும் நீதிபதி முன்னால் போக வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து சிக்கலில்லாத, யாரும் ஆட்சேபிக்காத வாரிசு விஷயங்களைப் பதிவாளரே முடித்துவிடலாம். தகராறு இருந்தால் கோர்ட்டு ஏற்பாட்டில் இலவச சமரசப் பேச்சும் உண்டு. இறப்புச் சான்றிதழ், உயில் இருந்தால் உயில், பிள்ளைகள் விவரம், இவைதான் முக்கியம். மாமனாருக்கு எல்லாம் கைவசம் இருந்தது. பாட்டிக்கு ஒன்றுமே இல்லை. அவர் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, பதிவேட்டில் வேறு மாதிரி. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கப் பழைய கோர்ட்டுக் குறிப்பேட்டின் நகலை எடுத்தோம். அதற்கு மட்டும் ஐந்து மாதம் போனது.

மருமகள், மருமகன்களுக்கு ஒரு விஷயம். கணவர் இறந்தால் அவருடைய மாவோரி நிலப் பங்கு உங்கள் பேருக்கு வராது, பிள்ளைகளுக்குத்தான் போகும். அந்தப் பங்கிலிருந்து வருமானம் பெறும் உரிமை துணைக்கு உண்டு. எனக்கு இதில் வருத்தமில்லை. இங்கே 'ஃபெனுவா' என்ற சொல்லுக்கு நிலம் என்றும் பொருள், நஞ்சுக்கொடி என்றும் பொருள். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைச் சொந்த நிலத்தில் புதைப்பது வழக்கம். என் இரண்டாவது மகளுடையதைப் புதைக்கத்தான் நான் அந்த நிலத்துக்கு முதலில் போனேன். அது யார் வழியாக வருகிறது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. செத்தவர் பேரை நீக்கினால் பட்டியல் குறையும் என்று நான் நினைத்தேன். கூடியது. ஒருவர் போய் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். இதற்குத் தீர்வு ஃபானவ் டிரஸ்ட், மாவோரி நிலச் சட்டத்தில் 214-ஆம் பிரிவு. ஃபானவ் என்றால் குடும்பம். ஒரு குடும்பத்தின் பங்குகளையெல்லாம் ஒரே டிரஸ்டில் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அது உடையாது. வாரிசு விண்ணப்பம் போடும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். என் கணவரும் அவருடைய நாலு தம்பி தங்கைகளும் அப்படித்தான் செய்தார்கள்.

டிரஸ்டும் கூட்டமும்

குடும்பப் பங்குக்கு 214 என்றால், முழு நிலத்தையும் நிர்வகிக்க 215-ஆம் பிரிவில் வரும் 'ஆஹு ஃபெனுவா' டிரஸ்ட். அரசு பணம் கொடுப்பதென்றால் பெரும்பாலும் இப்படி ஒரு டிரஸ்டையோ, பங்குதாரர் அமைப்பு போல நடக்கும் மாவோரி இன்கார்ப்பரேஷனையோதான் எதிர்பார்க்கும். இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான், 1993-இன் மாவோரி நிலச் சட்டம். சின்ன நிலத்துக்கு டிரஸ்ட் போதும்.

எங்கள் நிலத்துக்கு டிரஸ்ட் ஏற்கெனவே இருந்தது. 1986-இல் அமைத்தது. அறங்காவலர்கள் ஐந்து பேர். நாங்கள் பார்த்தபோது நாலு பேர் இறந்து போயிருந்தார்கள், ஐந்தாமவருக்கு 84 வயது. ஆனாலும் பதிவேட்டில் ஐவரும் இருந்தார்கள். 2019-இல் நாங்கள் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'தற்போதைய அறங்காவலர்கள் யார் என்பதற்கான கோர்ட்டு உத்தரவை இணைக்கவும்' என்ற ஒரே வரி. நாங்கள் 26 பக்கத்துக்குத் திட்டம் எழுதியிருந்தோம்.

ஆகவே, புது அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போடுங்கள். இங்கே அதற்கு ஹூயி என்று பெயர். நியமிப்பது கோர்ட்டு, ஆனால் உரிமையாளர்களுக்குப் போதிய அறிவிப்பு கொடுத்தீர்களா, போதிய ஆதரவு இருக்கிறதா என்று கோர்ட்டு பார்க்கும். கிடைத்த முகவரிக்கெல்லாம் கடிதம் அனுப்பினோம், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம், ஃபேஸ்புக்கில் குடும்பக் குழுக்களில் போட்டோம். 37 கடிதங்கள் திரும்பி வந்தன. அவற்றைக் குப்பையில் போடப்போனேன், ஆன்ட்டி தடுத்துவிட்டார். அவர் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று. திரும்பி வந்த உறைகள்தான் நாங்கள் முயற்சி செய்தோம் என்பதற்கு அத்தாட்சி. தேதி முத்திரை தெரியும்படி ஸ்கேன் செய்து வையுங்கள்.

ஹூயி நடப்பது மராயெ என்னும் பொது மன்றத்தில். போனால் செருப்பை வாசலிலேயே விடுங்கள், அது நமக்குப் பழக்கம்தான். மேசை மேல் உட்காராதீர்கள், அதற்கு முகம் சுளிப்பார்கள். கோஹா என்ற மொய் கொண்டு போங்கள். வரவேற்பு, பிரார்த்தனை, சாப்பாடு என்று காலை பத்து மணிக் கூட்டம் உண்மையில் தொடங்குவது பன்னிரண்டுக்கு. அதற்கும் பிறகு, தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்து வேலியை 1974-இல் யார் நகர்த்தினார்கள் என்பதில் ஒரு மணி நேரம் போகலாம். எங்களுக்குப் போனது. அப்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அந்த வேலிக் கதையில்தான் யாருக்கு யார்மேல் கோபம், யார் பேச்சை யார் கேட்பார் என்பதெல்லாம் தெரியவரும். அறங்காவலராக யாரை நிறுத்தலாம் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கூட்டக் குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள். வந்தவர் பெயர், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை பேர் ஆதரவு, யார் எதிர்ப்பு, எதற்காக எதிர்ப்பு. எதிர்ப்பை மறைக்கவே கூடாது. எங்கள் குறிப்பில் ஒரு பெரியவர் கடுமையாகப் பேசியதை அப்படியே எழுதியிருந்தேன். கோர்ட்டில் நீதிபதி அதைப் படித்துவிட்டு அவரிடமே நேரில் கேட்டார். அவரும் தம் கவலையைச் சொன்னார், நீதிபதியும் பொறுமையாகக் கேட்டார். உத்தரவு கிடைத்தது. இப்போது அந்தப் பெரியவர்தான் எங்கள் தலைவர்.

எங்கள் நிலம் வைய்யாரிக்கி மாவட்டத்தில் வருவதால் கோர்ட்டின் ரோட்டோருவா அலுவலகம். வடக்கே ஃபாங்காரே, கிழக்கே கிஸ்பர்ன், மேற்கே ஃபாங்கனூயி, தெற்குத் தீவு முழுவதுக்கும் கிரைஸ்ட்சர்ச். நாடு முழுக்க ஏழு மாவட்டம்.

டிரஸ்டை நடத்த ஆளே இல்லாத குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. மாவோரி டிரஸ்டி என்ற பதவி 1920-இலிருந்து இருக்கிறது. அதன் அலுவலகத்துக்கு இப்போது 'தே துமு பயெரோவா' என்று பெயர். அவர்களையே அறங்காவலராகக் கோர்ட்டு நியமிக்கலாம். குத்தகை வசூல், கணக்கு எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். சில குடும்பங்களுக்கு அது நிம்மதி. எங்கள் ஆன்ட்டிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

கேட்பதற்கு முன் நிலத்தை நடந்து பாருங்கள்

இங்கே நிலத்தை ஒன்று முதல் எட்டு வரை தரம் பிரித்து வரைபடம் வைத்திருக்கிறார்கள். ஒன்று எதையும் விளைவிக்கலாம், எட்டு எதற்கும் உதவாது. எங்கள் 58 ஹெக்டேரில் 14 மட்டும் ஆற்றோரச் சமதளம், நல்ல தரம். மீதி சரிவு, முள்ளுச்செடியான கோர்ஸ் மண்டிக் கிடக்கிறது. வரைபடத்தை நம்பி மட்டும் எழுதாதீர்கள். நாங்கள் நடந்தபோதுதான் சமதளத்தின் ஒரு மூலையில் ஜூலை மாதம் முழுக்கத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தோம். வரைபடத்துக்கு அது தெரியாது.

பாதை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் நிலத்தைத் தாண்டித்தான் போக முடியும் என்றால், வழி கேட்டு அதே மாவோரி நிலக் கோர்ட்டில் மனுப் போடலாம். தண்ணீர் எடுக்க அனுமதி வேண்டுமா என்று பிராந்திய கவுன்சிலில் கேளுங்கள். சரிவில் மண் சரிந்தால் பாப்லர் மரப் போத்து நடுவதற்குப் பல கவுன்சில்கள் செலவில் பங்கு தருகின்றன. இதற்கு நீண்ட விண்ணப்பமெல்லாம் வேண்டியதில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டுச் சொல்வார். எங்களுக்கு முதன்முதலில் கிடைத்த உதவியே இந்தப் போத்துகள்தான்.

அப்புறம் நிலவரி. இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. 2021 ஜூலை 1 முதல், யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் மாவோரி நிலத்துக்குக் கவுன்சில் வரி கிடையாது. உரிமையாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலோ, கீரை, மூலிகை பறித்தாலோ அது 'பயன்பாடு' ஆகாது. குத்தகைக்கு விட்டாலும் தோட்டம் போட்டாலும் ஆகும். அதாவது நீங்கள் நிலத்தைத் திருத்தத் தொடங்கும் அன்றைக்கே வரி வந்து நிற்கும், வருமானம் வருவதற்குப் பல வருடம் முன்னதாகவே. இதற்கும் அதே ஆண்டு நிலவரிச் சட்டத்தில் செய்த திருத்தத்தில் வழி வைத்திருக்கிறார்கள். 114ஏ பிரிவில், மேம்பாட்டில் இருக்கும் மாவோரி நிலத்துக்கு வரித் தள்ளுபடி கேட்டு விண்ணப்பிக்கலாம். கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும், ஆனால் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஊருக்கு என்ன நன்மை, எத்தனை பேருக்கு வேலை என்று எழுதுங்கள். பழைய பாக்கி மலைபோல் இருந்தால், வசூலாகாது என்று தெரிந்த பாக்கியைத் தள்ளிவிடும் அதிகாரம் கவுன்சிலின் தலைமை அதிகாரிக்கு உண்டு. எழுத்தில் கேளுங்கள். நாங்கள் ஒரு அலுவலகத்தில் வாய்வழியாகக் கேட்டோம், 'அப்படி ஒன்றும் இல்லையே' என்றார்கள். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகு வேறு பதில் வந்தது.

எந்தக் கதவைத் தட்டுவது

இந்த நாட்டில் ஆட்சி மாறினால் நிதியின் பெயரும் மாறும். 2018-இல் 300 கோடி டாலரில் மாகாண வளர்ச்சி நிதி வந்தது. அடுத்த ஆண்டு அதில் 10 கோடியை மாவோரி நிலத்துக்கென்று ஒதுக்கினார்கள். நூறு கோடி மரம் நடும் திட்டமும் அப்போதே வந்தது. இரண்டும் இன்று இல்லை. அதற்குப் பிறகு உணவு, நார்ப்பொருள் ஆராய்ச்சிக்கென்று இருந்த நிதியும் போய், 2025-இல் முதன்மைத் துறை வளர்ச்சி நிதி என்று வேறொன்று வந்திருக்கிறது. ஆகவே நிதியின் பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. அலுவலகங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

மாவோரி வளர்ச்சி அமைச்சகமான 'தே புனி கோக்கிரி'தான் முதல் கதவு. அவர்களுக்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. டிரஸ்டை ஒழுங்குபடுத்துவது, என்ன விளைவிக்கலாம் என்ற ஆய்வு போன்ற ஆரம்ப வேலைகளுக்கு அங்கே போங்கள். அவர்கள் நடத்தும் 'டுப்பு' என்ற இணையதளத்தில் நிலத்தின் மண், மழை, தகுந்த பயிர் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். போவதற்கு முன் அதைப் படித்துவிட்டுப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, முதன்மைத் தொழில் அமைச்சகம். அதில் மாவோரி விவசாயத்துக்கென்றே தனிக் குழு இருக்கிறது. ஒரே பகுதி டிரஸ்டுகள் பல சேர்ந்து கற்றுக்கொள்ளும் குழுத் திட்டங்களை அவர்கள் நடத்தியிருக்கிறார்கள். பக்கத்து நிலக்காரர்களோடு பேசி நாலைந்து டிரஸ்டாகப் போனால் தனியாகப் போவதைவிட மதிப்பு அதிகம். மூன்றாவது, பிராந்திய முதலீட்டைப் பார்க்கும் 'கானோவா'. இவர்கள் பெரிய திட்டத்துக்கு, அதுவும் பெரும்பாலும் கடனாக. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை ஹூயியில் மூன்று முறையாவது சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் நேரில் பேசுங்கள், முடிந்தால் அதிகாரியை நிலத்துக்கு அழைத்து வாருங்கள். எங்களிடம் வந்த பெண் அதிகாரி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தார். நாங்கள் தாளில் எழுதத் தெரியாமல் திண்டாடியதை அவரே கேள்வியாகக் கேட்டு வாங்கிவிட்டார்.

எழுதும்போது

2019-இல் நாங்கள் எழுதிய முதல் வரி: 'எங்கள் முன்னோர் விட்டுச்சென்ற மண்ணை வருங்காலத் தலைமுறைக்காக வளப்படுத்துவதே எங்கள் கனவு.' கேட்டது டிராக்டர், வேலி, கொட்டகை. 2021-இல் எழுதியது: '14 ஹெக்டேர் சமதளம் இப்போது மக்காச்சோளத்துக்கு ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. கிவி, அவகாடோ, மக்காச்சோளம் மூன்றில் எது இந்த மண்ணுக்கும் உறைபனிக்கும் தாங்கும், எதற்கு எவ்வளவு முதல் வேண்டும் என்று ஒன்பது மாதத்தில் அறிக்கை தேவை.' இதற்குப் பணம் கிடைத்தது. டிராக்டர் கேட்பதற்கு முன் டிராக்டர் தேவையா என்று தெரிந்துகொள்ளப் பணம் கேளுங்கள். முதலில் சின்ன ஆய்வு, அதை ஒழுங்காக முடித்துக் கணக்குக் காட்டுவது, அப்புறம் அடுத்தது.

செலவில் உங்கள் பங்கு என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். டிரஸ்டில் பணம் இல்லையென்றால் உழைப்பைக் கணக்கிடுங்கள். அறங்காவலர்கள் செலவிடும் நேரம், வண்டிச் செலவு, மராயெ இடம். நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவந்தேன்.

ஆய்வு செய்ய ஆலோசகரை வைக்கும்போது எச்சரிக்கை. எங்களுக்கு வந்த முதல் அறிக்கை எண்பது பக்கம், பளபளவென்று இருந்தது. 31-ஆம் பக்கத்தில் மழையளவு வேறு ஊருடையது. ஆன்ட்டிதான் கண்டுபிடித்தார், "இவ்வளவு மழை பெய்தால் நாம் ஏன் கோடையில் டேங்கரில் தண்ணீர் வாங்குகிறோம்?" என்று கேட்டு. ஆலோசகருக்குக் கடைசித் தவணை கொடுத்து முடித்திருந்தோம், திருத்தி வாங்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்: அறங்காவலர்களோடு நிலத்தை நடந்து, அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பேசி முடித்த பிறகுதான் கடைசி மூன்றில் ஒரு பங்கு.

பணம் மொத்தமாக வராது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அறிக்கையும் பில்லும் கொடுத்தால் அந்தக் கட்டத்துக்கான தொகை வரும். ஆலோசகருக்குக் கொடுக்க வேண்டிய தேதியும் அரசுப் பணம் வரும் தேதியும் ஒன்றாக இருக்காது. எங்களுக்கு நடுவில் ஏழு வாரம் இடைவெளி, மக்காச்சோளக் குத்தகைப் பணம்தான் காப்பாற்றியது. பட்ஜெட்டில் ஒவ்வொரு தொகைக்கும் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதுங்கள். ஆண்டு வரவு 60,000 டாலரைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வருமான வரியில் ஒரு சலுகை உண்டு, தகுதியிருந்தும் பல டிரஸ்டுகள் எடுத்துக்கொள்வதில்லை. சாதாரண டிரஸ்டுக்கு 2024 ஏப்ரலிலிருந்து வரி 39 சதவீதம். 'மாவோரி அதாரிட்டி' என்று பதிவுசெய்துகொண்டால் 17.5 சதவீதம்தான், உரிமையாளர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும்போது டிரஸ்ட் கட்டிய வரியை அவர்கள் வரிக் கணக்கில் வரவு வைக்கவும் முடியும். வரித்துறையிடம் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும், தானாக வராது. பழைய டிரஸ்டின் கணக்கைக் கையில் எடுக்கும் தமிழ் அக்கவுண்டன்டுகள் முதல் நாளே பார்க்க வேண்டியது இது.

ஆய்வு சொன்னது: கிவி வரும், ஆனால் முதல் கட்டமாக நாலு ஹெக்டேர் போதும், தண்ணீர் நிற்கும் மூலையை விட்டுவிடுங்கள். தங்க நிறக் கிவி என்றால் நடுவதற்கு உரிமம் வாங்க வேண்டும், அதன் விலையே ஹெக்டேருக்கு லட்சக்கணக்கான டாலர். கொடி நன்றாகக் காய்க்கச் சில வருடம் ஆகும். இதையெல்லாம் ஹூயியில் ஒரே தாளில், பெரிய எழுத்தில் கொடுத்தேன். இரண்டு ஹூயி விவாதித்தார்கள். போன குளிர்காலத்தில் கம்பங்கள் நட்டோம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அறிக்கை கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே வாசற்கம்பத்தின் அருகில் நின்று படம் எடுத்து வையுங்கள். அரசுக்கு அனுப்பும் அதே அறிக்கையை உரிமையாளர்களுக்கும் அனுப்புங்கள். பெர்த்திலிருந்து ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இருபது வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு போன் செய்தார், தம் முகவரியையும் கொடுத்தார்.

புது விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பட்டியலைப் புதிதாக அச்செடுத்துவிடுங்கள். போன மாதம் அடுத்த நிதிக்காக எடுத்தேன். பதினாறு பக்கம் வந்தது. மேசை போதவில்லை, தரையில் பரப்பினோம். ஆன்ட்டிக்குக் குனிய முடியாததால், பென்சில் இப்போது என் மூத்த மகளிடம்.